‘உயர் நீதிமன்றம்’ என்று தேடினால் சென்னை வருகிறது

திருகோணமலை நகரில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் போட்டோ கொப்பி எடுக்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் மூதூரிலிருந்து வந்த ஒரு பெரியவர். கையில் ஒரு பஸ் டிக்கெட், அதன் பின்பக்கத்தில் பேனையால் எழுதிய ஓர் இலக்கம். மாடு களவு போனதற்கு பொலிஸில் போட்ட என்ட்ரியின் நம்பர் அது. "இந்த நம்பரை அடிச்சா கேஸ் எந்தளவில நிக்குதெண்டு நெட்ல பார்க்கலாமாம், மகன் சொன்னவன்" என்றார்.

கடைப் பொடியன் தேடினான். ஒரு தளம் வந்தது, நல்ல தமிழில். மாவட்டத்தைத் தெரிவு செய்யச் சொன்னது. திருச்சி இருந்தது, திருவள்ளூர் இருந்தது, திருவண்ணாமலையும் இருந்தது. திருகோணமலையை மட்டும் காணவில்லை. பொடியன் பட்டியலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தான்.

அது தமிழ்நாட்டுக் காவல்துறையின் தளம்.

பொடியனில் பிழை இல்லை. தமிழில் சட்டம், பொலிஸ், நீதிமன்றம் என்று எதைத் தேடினாலும் கூகுள் முதலில் கடலைத் தாண்டித்தான் போகும். அங்கே எழுதுகிறவர்களும் அதிகம், தேடுகிறவர்களும் அதிகம். மகன் சொன்னதும் முழுப் பொய் அல்ல. இந்தியாவில் 2016 செப்டெம்பரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது: பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற சிலவற்றைத் தவிர, மற்ற முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று. கீழ் நீதிமன்ற வழக்குகளின் அடுத்த திகதியையும் அங்கே போனில் பார்க்கலாம். யூடியூபில் அதைச் சொல்லித் தரும் வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. நம் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இங்கே அப்படி இல்லை. ஆனால் இங்கே ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல. எது இணையத்தில் இருக்கிறது, எதற்கு பஸ் ஏற வேண்டும் என்பதைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். வெருகலிலிருந்து டவுனுக்கு வந்து போகிறவருக்கு அது ஒரு முழு நாள் கூலி.

முதலில் சொற்களைப் பார்ப்போம். ஒரே தமிழ்தான், ஆனால் இரண்டு நாட்டு அரசாங்கங்கள் அதை இரண்டு விதமாகப் பயன்படுத்துகின்றன. இதில் மிக மோசமாகக் குழப்புவது ‘உயர் நீதிமன்றம்’. நமக்கு அது கொழும்பு புதுக்கடையில் இருக்கும், நாட்டின் ஆக உச்சியிலுள்ள நீதிமன்றம். தமிழ்நாட்டில் அதே சொல் மாநில அளவிலான நீதிமன்றத்தைக் குறிக்கும். அதற்கு மேலே டெல்லியில் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. நம்முடைய மேல் நீதிமன்றம், திருகோணமலையிலும் உள்ளது, கொலை போன்ற பாரிய குற்றங்களை விசாரிப்பது. இரண்டுக்கும் இடையில் மேன்முறையீட்டு நீதிமன்றம். ஆக, ‘உயர் நீதிமன்றத் தீர்ப்பு பிணை’ என்று தேடி வருவதை எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போனால், அவர் சிரித்துவிட்டு, இது மெட்ராஸ் தீர்ப்பு என்பார்.

மற்றவையும் அப்படித்தான். அங்கே அரசிதழ், இங்கே வர்த்தமானி. அங்கே கலெக்டர், இங்கே அரசாங்க அதிபர். அவர் இருக்கும் இடத்தை நாம் இன்னும் கச்சேரி என்றுதான் சொல்கிறோம், பெயர்ப் பலகையில் மாவட்டச் செயலகம் என்று இருந்தாலும். தாசில்தாரைத் தேடினால் நமக்கு ஒன்றும் வராது. பிரதேச செயலாளரைத் தேட வேண்டும். அரசின் தலைமைச் சட்ட அலுவலர் இங்கே சட்டமா அதிபர். ரிமாண்ட் என்பதற்கு நம் நீதிமன்றச் சொல் விளக்கமறியல், வழக்கு நாளுக்குச் சொல் தவணை. விளக்கமறியல் என்பதைத் தேடலில் சேர்த்தாலே விடைகள் இலங்கைப் பக்கம் திரும்பிவிடும். ‘எதிரி’ என்ற சொல்லையும் சொல்ல வேண்டும். நம் குற்றவியல் வழக்கேடுகளில் அது குற்றம் சாட்டப்பட்டவரைக் குறிக்கும், பகைவரை அல்ல. முதன்முறை படிக்கிற வீட்டுக்காரர் பயந்துவிடுவார். எனக்குத் தெரிந்த ஒரு தாய், மகனை ‘முதலாம் எதிரி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து அழுதே விட்டார்.

‘மாநில அரசு’ என்று தேடுவதும் அதே கதை. நமக்கு மாநிலம் இல்லை, மாகாணம்தான் உண்டு. இந்த வேறுபாடு வெறும் சொல்லோடு நின்றுவிடாது. தகவல் யாரிடம் இருக்கிறது என்பதையே அது தீர்மானிக்கிறது.

1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளை உண்டாக்கி, அதிகாரங்களை மூன்று நிரல்களாகப் பிரித்தது: மாகாணத்துக்கு ஒன்று, மத்திக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று. பொலிஸும் பொது ஒழுங்கும் காகிதத்தில் மாகாண நிரலில்தான் இருக்கின்றன. நடைமுறையில் அந்த அதிகாரம் இன்றுவரை எந்த மாகாணத்துக்கும் கைமாறவில்லை. இந்தியாவில் காவல்துறை மாநிலத்துக்குரியது. அதனால் மாநில அரசின் தளத்திலேயே அது கிடைக்கிறது. திருகோணமலை கிழக்கு மாகாணத்தின் தலைநகரம். ஆளுநர் செயலகம் உவர்மலையில், பிரதம செயலாளர் அலுவலகம் வரோதயநகரில், எல்லாம் நமக்குக் கூப்பிடு தூரம். இருந்தும் உப்புவெளியில் நடந்த ஒரு களவைப் பற்றிய புள்ளிவிபரத்தை மாகாண சபையின் தளத்தில் தேடினால் கிடைக்காது. அது கொழும்பில் உள்ள பொலிஸ் திணைக்களத்திடம் இருக்கிறது. சிறைச்சாலை, சட்டமா அதிபர், நீதிமன்றங்கள் எல்லாமே மத்திக்கு உரியவை.

அப்படியானால் மாகாணத்திடம் என்ன இருக்கிறது? பெரும்பாலான பாடசாலைகள், மாகாண வீதிகள், உள்ளூராட்சி, கூட்டுறவு, இப்படிப் பல. மோட்டார் சைக்கிளை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். வருடா வருடம் எடுக்கும் வருமான உத்தரவுப்பத்திரம் மாகாணத்துக்குரியது. அதை இணையத்திலேயே புதுப்பிக்கலாம். சாரதி அனுமதிப்பத்திரம் மத்திய மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குரியது. இரண்டையும் நாம் ‘லைசன்ஸ்’ என்றே சொல்வதால் பலர் பிழையான தளத்தில் போய் நிற்கிறார்கள். மாகாண சபை இயற்றுவதற்கு நியதிச்சட்டம் என்று பெயர், பாராளுமன்றம் இயற்றுவது சட்டம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை, ஆளுநரின் கீழ் நிர்வாகம் ஓடுகிறது. ஆகவே புதிய நியதிச்சட்டங்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சரி, இணையத்தில் உறுதியாகக் கிடைப்பவைக்கு வருவோம். இதில் முதல் இடம் அரசாங்க அச்சுத் திணைக்களத்தின் ஆவணத் தளத்துக்கு. வர்த்தமானி, சட்டமூலங்கள், சட்டங்கள் மூன்று மொழியிலும் அங்கே ஏறுகின்றன. வாராந்த வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும். வேலைவாய்ப்பு பார்க்கிறவர்களுக்கு அது தெரியும். ஆனால் ஊரைப் புரட்டிப்போடும் அறிவித்தல்கள் பெரும்பாலும் அதிவிசேட வர்த்தமானியில்தான் வரும், எந்த நாளிலும் வரும். காணி சுவீகரிப்பு, வன ஒதுக்கம், தொல்பொருள் இடம் எல்லாம் அதில்தான். கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கான ஜனாதிபதி செயலணி 2020 ஜூன் 2ஆம் திகதியிட்ட அதிவிசேட வர்த்தமானி மூலம் அமைக்கப்பட்டது. அதில் யார் யார் இருந்தார்கள், என்ன அதிகாரம் கொடுக்கப்பட்டது என்று பேஸ்புக்கில் மாறி மாறிச் சண்டை பிடித்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கங்களைத் திறந்து பார்த்தார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அதிவிசேட வர்த்தமானியின் இலக்கம் சாய்கோட்டுடன் இருக்கும். கோட்டுக்கு முன்னுள்ள எண் வாரத்துக்கு வாரம் ஏறும். பின்னுள்ளது அந்த வாரத்தில் அது எத்தனையாவது என்று சொல்லும். இந்த இலக்கம் ஏன் முக்கியம் என்றால், தமிழ்ச் சொற்களைப் போட்டுத் தேடிப் பலன் இல்லை. பழைய தமிழ்க் கோப்புகள் பல யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ‘குச்சவெளி’ என்று தேடினால், குச்சவெளி பத்து இடத்தில் இருக்கும் கோப்பும் ஒன்றுமில்லை என்று சொல்லும். அதனால் யாராவது "வர்த்தமானி வந்துட்டுதாம்" என்று சொன்னால், முதலில் இலக்கத்தையும் திகதியையும் கேளுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் அது இன்னும் வதந்திதான்.

சட்டங்களுக்கும் அதே வழி: இலக்கமும் ஆண்டும். 1979இன் 15ஆம் இலக்கம் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. அதே ஆண்டின் 48ஆம் இலக்கம் பயங்கரவாதத் தடைச் சட்டம். எந்தச் சட்டமும் சட்டமாக முன் சட்டமூலமாகவும் வர்த்தமானியில் வரும். பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் சேர்ந்ததும் உயர் நீதிமன்றத்தில் எதிர்த்துப் போவதற்கு மிகக் குறைந்த நாட்களே உண்டு. சட்டமாகிவிட்ட பிறகு அது செல்லாது என்று வாதாட இங்கே இடமே இல்லை. அநேக சட்டங்களின் கடைசி வாசகத்தையும் கவனியுங்கள்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண் இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும். தமிழை மட்டும் படித்துவிட்டு ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டு வாதாடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தீர்ப்புகளைப் பொறுத்தவரை, உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தங்கள் தீர்ப்புகளை இணையத்தில் போடுகின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில். கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது; நம் வழக்கு தமிழில் நடக்கிறது, வழக்கேடு தமிழில் எழுதப்படுகிறது. அது மேன்முறையீட்டுக்குப் போய்த் திரும்பி வரும்போது மொழி மாறிவிடுகிறது. வழக்காடியவருக்குத் தன் வழக்கின் முடிவை வாசிக்க இன்னொருவர் வேண்டியிருக்கிறது.

பொலிஸ் தளத்தில் ஆண்டுவாரியான பாரிய குற்றப் புள்ளிவிபரங்களும், சிறைச்சாலைத் திணைக்களத் தளத்தில் சிறைப் புள்ளிவிபரத் தொகுப்பும் உண்டு. வாசிக்கும்போது ஒரு கவனம் தேவை: அட்டவணையில் இருப்பது பொலிஸுக்கு அறிவிக்கப்பட்ட குற்றங்கள். ஒரு பிரிவில் எண்ணிக்கை ஏறினால் குற்றம் கூடியது என்று அர்த்தம் இல்லை, ஆட்கள் துணிந்து முறைப்பாடு செய்யத் தொடங்கியிருக்கலாம். வெளிநாடு போகிறவர்கள் கேட்கும் பொலிஸ் கிளியரன்ஸுக்கும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். விசாரணை என்னவோ நீங்கள் வசித்த இடத்துப் பொலிஸ் நிலையத்தில்தான் நடக்கும், ஜீ.எஸ். (கிராம சேவகர்) தருகிற நற்சான்று அதற்குப் பதில் ஆகாது.

இனி இல்லாதவை. நம் ஊரின் ஒரு வழக்கை வைத்தே இதைச் சொல்லலாம். 2006 ஜனவரி 2ஆம் திகதி, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் 5 தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் நீதியரசர் நிஸ்ஸங்க உடலாகம தலைமையில் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. மூதூரில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள் கொல்லப்பட்டதும் அதன் விசாரணையில் இருந்தது. அறிக்கை பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது 2015 ஒக்டோபரில். அதை இன்று எவரும் தேடி வாசிக்கலாம். 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம், போதிய சாட்சியம் இல்லை என்று 13 சந்தேகநபர்களையும் விடுவித்தது. அது செய்தியாக இணையத்தில் கிடக்கிறது. ஆனால் இடையில் இத்தனை ஆண்டுகள் அந்த நீதிமன்றத்தில் நடந்த சுருக்கமுறையற்ற விசாரணையில் (மேல் நீதிமன்றத்துக்கு அனுப்புவதற்கு முன் நீதவான் நடத்துவது) எந்தத் தவணையில் யார் வந்தார்கள், எந்தச் சாட்சி ஏன் வரவில்லை, என்ன கட்டளை எழுதப்பட்டது என்பதெல்லாம் வழக்கேட்டில் இருக்கின்றன. அந்த வழக்கேடு ஆவண அறையில் நூல் கட்டியபடி இருக்கும். உலகமே பேசிய வழக்குக்கே இதுதான் நிலை.

அப்போது மூதூர்ப் பெரியவரின் மாட்டுக்கு? அவர் கையிலிருந்தது பொலிஸ் தகவல் புத்தகத்தின் பதிவு இலக்கம், வழக்கு இலக்கம் அல்ல. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வரும் அலைச்சல் கொஞ்ச நஞ்சம் அல்ல. பொலிஸ் விசாரித்து நீதவானுக்கு பீ அறிக்கை என்ற விசாரணை அறிக்கையைச் சமர்ப்பித்தால்தான் நீதிமன்றத்தில் ஓர் இலக்கம் பிறக்கும். அந்த இலக்கம் தெரிந்தால் பதிவாளர் அலுவலகத்தில் தவணை கேட்கலாம், அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அவருடைய முறைப்பாடு மூதூர்ப் பொலிஸில், நீதவான் நீதிமன்றமும் மூதூரிலேயே இருக்கிறது. அவர் கிண்ணியாப் பாலம் தாண்டி டவுனுக்கு வந்ததே தேவையில்லாத பயணம்.

பொலிஸ் பதில் சொல்லாவிட்டால்? பாதிக்கப்பட்டவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு சட்டம் உண்டு: குற்றச்செயலுக்குப் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்கும் சட்டம். 2015இல் 4ஆம் இலக்கமாக வந்து, 2023இல் 10ஆம் இலக்கச் சட்டத்தால் மாற்றப்பட்டது. விசாரணை எந்தளவில் நிற்கிறது, வழக்கு எப்போது என்பவற்றை அறிந்துகொள்ளும் உரிமையை அது பாதிக்கப்பட்டவருக்குத் தருகிறது. இன்னொரு வழி, என் அனுபவத்தில் அதிகம் வேலை செய்வது, 2016இன் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீதிமன்றங்களும் பொலிஸும்கூட அதன்படி பகிரங்க அதிகாரசபைகள்தான். காரணம் சொல்லத் தேவையில்லை, விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது தனிப்பட்ட சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம்.

ஆனால் கேட்கும் விதம் முக்கியம். நானே ஓர் அலுவலகத்துக்கு, ‘எங்கள் ஒழுங்கையில் போட வேண்டிய வடிகாலுக்கு ஏன் இன்னும் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்டு எழுதினேன். ‘கவனம் செலுத்தப்படுகிறது’ என்று ஒரு வரிப் பதில் வந்தது. பிழை என்னுடையதுதான். இந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கத்தையோ மன்னிப்பையோ தராது. இரண்டாம் முறை, அந்த ஒழுங்கைக்கான மதிப்பீட்டறிக்கையின் பிரதியையும் ஒதுக்கீட்டுக் கடிதத்தின் பிரதியையும் கேட்டேன். வந்தது, ஆறு பக்கம். முதல் நாலு பக்கம் இலவசம், மிச்சத்துக்குச் சில்லறை கட்டினேன்.

குற்ற விசாரணையைக் கெடுக்கும், சந்தேகநபரைப் பிடிப்பதைத் தடுக்கும் தகவல் என்றால் 5ஆம் பிரிவின்படி மறுக்கலாம். நீதிமன்ற அவமதிப்பாகும் என்றாலும் மறுக்கலாம். பொதுநலன் அதைவிடப் பெரிது என்று காட்டினால் அந்த மறுப்பையும் தாண்டலாம். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு கொழும்பில் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதலாம், கொழும்புக்கு எழுதும்போதும். தமிழில் பதில் பெறுவதும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தரும் உரிமை. சிங்களத்தில் பதில் வந்தால் திருப்பி அனுப்பித் தமிழில் கேளுங்கள்.

ஆள் கைதாகிவிட்டால் மட்டும் இந்த நாட்கணக்கில் நிற்க வேண்டாம். சாதாரணச் சட்டத்தின் கீழ் பிடித்தவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் என்றால் கைதை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும். 1996இன் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அது. ஆகவே ‘எங்கே வைத்திருக்கிறார்கள்’ என்ற கேள்வியோடு போக வேண்டிய முதல் இடங்களில் திருகோணமலையில் உள்ள ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகமும் ஒன்று. போன் இலக்கம் 1996, சட்டம் வந்த ஆண்டும் அதுவே என்பதால் மறக்காது. அடிப்படை உரிமை வழக்கு போட உயர் நீதிமன்றம் தருவது ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. மாகாணத்துக்குள் தடுத்து வைக்கப்பட்டவருக்கான ஆட்கொணர்வு மனுவை நம் மேல் நீதிமன்றத்திலேயே போடலாம். சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கும் திருகோணமலையில் நிலையம் உண்டு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தேடும்போது முகவரி ‘ஜிஓவி.எல்கே’ (gov.lk) என்று முடிகிறதா பாருங்கள். பொலிஸுக்கு ‘பொலிஸ்.எல்கே’ (police.lk), உயர் நீதிமன்றம், பாராளுமன்றம் போன்ற சிலவற்றுக்கும் ‘ஜிஓவி’ இல்லாமல் வெறும் ‘எல்கே’தான். ‘அரச சேவை’ என்று பெயர் வைத்துக்கொண்டு அடையாள அட்டை இலக்கமும் காசும் கேட்கும் பக்கங்களுக்குக் குறைவில்லை. கைதானவரின் படத்தை முகநூலில் ‘குற்றவாளி’ என்று போடும் பழக்கத்தையும் விடலாம். நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்க்கும் வரை அவர் சந்தேகநபர், வழக்கேட்டில் எதிரி.

பெரியவருக்குக் கடையிலேயே ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தோம். இன்ன திகதி, இன்ன பதிவு இலக்கம், இதன் மீது நீதிமன்றத்துக்கு அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டதா, ஆம் எனில் வழக்கு இலக்கமும் அடுத்த தவணையும், அந்த அறிக்கையின் பிரதியும். பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் வர வேண்டாம் என்றேன். பொடியன் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்து 14 நாளை எண்ணத் தொடங்கினான். சனி, ஞாயிறையும் போயா (பௌர்ணமி) விடுமுறை நாளையும் விட்டுவிட்டு எண்ணச் சொன்னேன்.